அலை பேசக்கூடாது

புதன்கிழமைதோறும் மாலை ஐந்தரை மணிக்குக் கல்லுமலைத் தோட்டத்துக்குக் கடல் வந்துவிடும். வட்டவளை ரயில் நிலையத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில் இருக்கிற தோட்டம் அது. இருந்தாலும் வரும். பெரிய கிளாக்கர் இராசமணி கிளப்பைத் திறந்து, ரேடியோப் பெட்டிமேல் போர்த்திய துணியைப் பயபக்தியோடு எடுத்து மடித்துவைத்துவிட்டுக் குமிழைத் திருகுவார். கொஞ்சம் கரகரப்பு, அப்புறம் அலைச் சத்தம், அப்புறம் அந்தக் குரல்.

“அன்பு நேயர்களே! ஆழிப் பெருங்கடலின் மடியிலிருந்து உங்கள் குணரத்தினம்!”

குணரத்தினத்துக்கு அகில தீவு ஒலிபரப்புச் சபை ‘சமுத்திரச் செம்மல்’ என்று பட்டம் கொடுத்திருந்தது. அவருடைய நிகழ்ச்சியின் பெயர் ‘அலைமேல் வாழ்க்கை’. அந்த வாழ்க்கையில் நிலா காய்ந்துகொண்டே இருக்கும். மாலுமிகள் மேல்தட்டில் உட்கார்ந்து பாடுவார்கள். கப்டன் தன் கையாலேயே அவர்களுக்குக் கோப்பி ஊற்றிக் கொடுப்பார். வரிசை வீடுகளில் குடியிருக்கிற லயத்துச் சனம் வாயைப் பிளந்து கேட்கும். விடியற்காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் கங்காணியிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு, பகலெல்லாம் அட்டைக்கடியில் கொழுந்து பறித்துவிட்டு வந்தவர்களுக்கு, ஒரு கப்டன் கோப்பி ஊற்றுவதைக் காதால் கேட்பதும் சுகந்தானே! அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது.

குறை சொல்ல இரண்டு பேர் இருந்தார்கள், மூக்கனும் ஆண்டியப்பனும். இருவரும் இளவயதில் தூத்துக்குடியில் கப்பலேறி, பத்துப் பன்னிரண்டு வருஷம் கப்பலின் அடிவயிற்றில் கிடந்து கரியள்ளிப் போட்டவர்கள். கடல் கசந்துபோய் மலையேறினார்கள். இப்போது ஆண்டியப்பன் துரையின் மாட்டுப்பட்டியில் இருந்தார். மூக்கன் தேயிலை ஸ்டோரில் கொழுந்து காயவைக்கும் அடுப்புக்கு விறகு போட்டார். நெருப்பு அவரை விடுவதாக இல்லை.

“கப்டன் கோப்பி ஊத்துனானாம்” என்பார் ஆண்டியப்பன். “நம்ம கப்பல்ல கப்டன் மொகத்த நீ பாத்திருக்கியா?”

“ஒரே ஒரு தடவ. ஒதைக்க வந்தான்.”

“கோப்பி?”

“மறந்துட்டான் போல.”

சிரித்து முடித்துவிட்டு, “கிளாக்கரய்யா, சத்தத்தக் கொஞ்சம் கொறைச்சு வையுங்க, காது கொடையுது” என்று மூக்கன் சொல்வார். “கேக்க விருப்பமில்லாட்டில் வெளியிலை போங்கோ” என்பார் கிளாக்கர். இது வாராவாரம் நடக்கிற பூசை.

இந்தப் பூசையில் கரடி புகுந்தது மூக்கனின் மருமகன் உருவத்தில். செல்லசாமி நல்ல பிள்ளை. தேயிலையைக் கவ்வாத்து வெட்டினால் ஒரு செடி பழுதாகாது. மூக்கனின் மகள் மீனம்மாவைக் கண்ணாக வைத்திருந்தான். அவளுக்கு அப்போது வயிற்றில் ஏழு மாதம். அவனுக்கு இருந்த ஒரே நோய், ரேடியோவில் தன் பெயர் வரவேண்டும் என்பது. சினிமாப் பாட்டுக் கேட்டுத் தபாலட்டை போட்டவர்களின் பெயர்களை ரேடியோவில் நீளமாக வாசிப்பார்களே, அதற்கு அவனும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அட்டை போட்டு வந்தான். ஹட்டன் வரும், இறம்பொடை வரும், கல்லுமலையும் வரும். கல்லுமலையில் அட்டையே போடாத பயல்களின் பெயர்கூட எப்படியோ வந்துவிடும். செல்லசாமி மட்டும் வரமாட்டான். லயத்தில் அவனுக்கு ‘ரேடியோ மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது ஒரு ஆண்பிள்ளையைத் தின்கிற பரிகாசம்.

ஒருநாள் ‘அலைமேல் வாழ்க்கை’ முடிந்ததும் அவன் எழுந்து நின்று சொன்னான்.

“மாமா, நான் கப்பலுக்குப் போறேங்க. கொழும்புல ஒரு தரகரு இருக்காரு. பாஸ்போட்டு கீஸ்போட்டு ஒண்ணும் வேணாம், நான் ஏத்திவுடுறேன்னு சொல்லிட்டாரு. அடுத்த பொதன்கெழம ரேடியோவக் கேட்டுட்டு ராத்திரி ரயிலு.”

மூக்கன் பயந்துபோனார். காரணம் உண்டு. செல்லசாமி பிறந்தது இந்தத் தீவில். அவன் அப்பனும் இங்கேதான். ஆனால் புதுக் குடியுரிமைச் சட்டம் வந்து ஏழெட்டு வருஷமாக அவன் எந்த நாட்டுப் பிரஜை என்று கேட்டால், அரசாங்கத்துக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. மண்ணில் நிற்கிறவரைக்கும் நிற்கலாம். காலைத் தூக்கிக் கப்பலில் வைத்தால் திரும்பி இறங்க ஒரு கரையும் சம்மதிக்காது. மூக்கன் அப்படி ஒருவனைக் கண்ணால் பார்த்திருக்கிறார்.

“மாப்ள, எங்கூடக் கரியள்ளுன ஒருத்தன், பழனியாண்டின்னு பேரு. நாடு இல்லாதவன். ரங்கூனு, சிங்கப்பூரு, ஏடன்னு எந்த ஊருலயும் அவன எறக்க வுடல. நாங்க எறங்கிப் போவோம், அவன் கம்பியப் புடிச்சிக்கிட்டுப் பாத்துக்கிட்டு நிப்பான். கடைசில செத்தப்புறம் எறக்குனாங்க. கடல்ல.”

செல்லசாமி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். “நீங்க அடித்தட்டுல கரியள்ளுனவரு மாமா. ஒங்களுக்கு மேல நடந்தது தெரியாது. ரேடியோக்காரருக்குத்தான் கப்பலப் பத்தி முழுசாத் தெரியும்.”

கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்குப் புத்தி வேண்டாமா என்று மூக்கன் சொல்ல நினைத்தார். கதவோரம் நின்ற மீனம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார். தான் சொன்னால் எடுபடாது; அந்தக் குணரத்தினம் சொன்னால் எடுபடும். இது அவருக்கு அன்றைக்கு உறைத்தது.

ரேடியோவே அதற்கு வழியும் காட்டியது. அடுத்த புதன்கிழமை ‘அலைமேல் வாழ்க்கை’ நிஜக் கடலிலிருந்தே நேரடியாக ஒலிபரப்பாகும் என்று அறிவித்தார்கள். நிஜ மாலுமி ஒருவரும் தேவையாம். முதல்நாள் குரல் தேர்வாம். இடம் நுவரெலியா.

“நுவரெலியாவுல ஏதுய்யா கடலு?” என்றார் ஆண்டியப்பன்.

“எதுவோ இருக்கட்டும். நான் போறேன்” என்றார் மூக்கன்.

குரல் தேர்வு ஏரிக்கரையில் ஒரு பங்களாவில் நடந்தது. சபையின் உதவிப் பணிப்பாளர் ஜெயரத்தினம் கம்பளிக் கோட்டுக்குள்ளிருந்து கண்ணை மட்டும் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உச்சரிப்பு அதிகாரி திருமதி புனிதவதி. பின்னால் பங்களாத் தோட்டத்தில் அந்த இருவரின் பிள்ளைகளும் குதிரைச் சவாரி செய்துகொண்டிருந்தன. கடல் ஏன் மலையேறி வந்தது என்பதை ஜெயரத்தினமே விளக்கினார்.

“கொழும்புத் துறைமுகத்திலை சித்திரை மாசம் சரியான வெக்கை. அதிகாரிகள் ஒருத்தரும் இருக்கேலாது. இஞ்சை தண்ணி இருக்குது, வள்ளம் இருக்குது. ஆகவே நாளைக்கு ஐந்தரை மணியிலையிருந்து ஆறு மணி மட்டும் இந்த ஏரி, ஒலிபரப்புத் தேவைக்காகக் கடல் எண்டு சபை தீர்மானிச்சிருக்கு. உப்புத் தண்ணியோ நல்ல தண்ணியோ எண்டு காதாலை கேக்கிறவனுக்குத் தெரியுமோ? சொல்லும் பாப்பம்.”

மூக்கனை ஒலிவாங்கிக்கு முன்னால் நிறுத்தி, கடலைப் பற்றிச் சொல்லும் என்றார்கள். அவர் அடித்தட்டின் சூட்டைச் சொன்னார். மூட்டைப்பூச்சியைச் சொன்னார். நிலா எப்படியிருக்கும் என்று கேட்டார்கள். அடித்தட்டில் சன்னல் இல்லை என்றார். பழனியாண்டியையும் சொன்னார்.

புனிதவதி பென்சிலைக் கீழே வைத்தார். “இவருடைய குரலிலை கடல் இல்லை. எனக்கு ஒரு அடுப்படிதான் தெரியுது.”

“கப்பல்ல நான் இருந்தது அங்கதானுங்களே அம்மா.”

“நீர் இருந்தது வேறை விசயம். மாலுமி எண்டால் நேயர்களுக்கு ஒரு எண்ணம் இருக்கு. அந்த எண்ணத்தை நாங்கள்தான் எவ்வளவோ பாடுபட்டு உண்டாக்கினம். அதைக் கெடுக்கிறதுக்கு மாலுமிகளை விடேலாது.”

மூக்கன் கும்பிட்டார். “நான் பேசவேணாங்க. குணரத்தினமய்யாவ ஒரே ஒரு வார்த்த பேசச் சொல்லுங்க. ‘கல்லுமலச் செல்லசாமி, போகாத.’ அவ்வளவுதானுங்க. நாளைக்கு ராத்திரி அவன் ரயிலேறுறான். எம்மக வாயும் வயிறுமா இருக்குதுங்க.”

அப்போதுதான் மூலையில் போர்வைக்குள் ஒரு உருவம் அசைந்தது. சமுத்திரச் செம்மல் அவர்தான். ஏரியைப் பார்த்த சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். “நான் என்ரை இஷ்டத்துக்கு ஒண்டும் சொல்லுறேல்லை. சபை எழுதித் தாறதை உணர்ச்சியோடை வாசிக்கிறன். உணர்ச்சி மட்டுந்தான் என்ரை” என்றார். அதே குரல். மூக்கனுக்கே ஒரு கணம் மெய் சிலிர்த்தது.

“பேர் வாசிக்கிறதெண்டால் தபாலட்டையிலை வரவேணும்” என்று ஜெயரத்தினம் தீர்ப்புச் சொன்னார். “அட்டைகள் வந்து சேருற மேசைக்கு இன்னும் ஆள் போடேல்லை. ஆனபடியால் பேருகளை எங்கடை பெடியள் யோசிச்சு எழுதுறவங்கள். உம்முடைய மருமகன்ரை பேர் ஒருத்தருக்கும் யோசனையிலை வரேல்லைப் போலை.”

மூக்கன் ஆத்திரத்தோடு திரும்பி நடந்தார். புனிதவதி கூப்பிட்டார். ஏரியில் அலை போதாதாம். சபையின் அலை இசைத்தட்டு குளிரில் கீறல் விழுந்துவிட்டதாம். மாலுமிக்குத்தான் தகுதியில்லை, அலையாக இருக்கச் சம்மதமா?

“அலையாவா?”

“வள்ளத்திலை இருந்து துடுப்பாலை தண்ணியை அடிக்கவேணும். ஆனால் ஒண்டு. அலை பேசக்கூடாது. ஒரு சொல் பேசினாலும் பொலிஸிலை குடுப்பம்.”

வள்ளத்தில் குணரத்தினம் பக்கத்தில் இருப்பார். அந்த ஒரு நினைப்பில் மூக்கன் சரி என்றார்.

மறுநாள் மத்தியானம் வரைக்கும் வெயில். நாலு மணிக்கு மேல் மலையைச் சுற்றிக் கறுத்தது. ஏரிக்காரப் படகோட்டி வந்து வானத்தைக் காட்டி, இப்போது இறங்கவேண்டாம் என்று சிங்களத்தில் கெஞ்சினான். அவன் சபையில் பதிவு பெற்ற குரல் அல்ல என்று அவனைக் கரையேற்றிவிட்டார்கள். வள்ளத்தைக் கயிற்றால் கரையில் கட்டி, ஒலிவாங்கிக்குக் கறுப்புக் கம்பி இழுத்தார்கள். குணரத்தினத்தை இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்து மூக்கனுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். உட்கார்ந்தவர் இரண்டு பக்கத்தையும் பற்றிக்கொண்டு கண்ணை மூடினார்.

ஐந்தரை. கரையில் ஜெயரத்தினம் கையை இறக்கினார். மூக்கன் துடுப்பால் தண்ணீரை அடித்தார்.

“அன்பு நேயர்களே! ஆழிப் பெருங்கடலின் மடியிலிருந்து…”

கண்ணை மூடியபடியே பாடமாகச் சொன்னார் மனுஷன். குரலில் நடுக்கமே இல்லை. மூக்கன் அடித்துக்கொண்டே அவர் காதருகே குனிந்தார். பேசினால் பொலிஸ். பேசாவிட்டால் மருமகன் கடலில். எதற்கும் துணிந்து வாயைத் திறந்த நேரத்தில் காற்று வந்தது. ஏரி முழுவதையும் ஒரு தள்ளுத் தள்ளியது. கரையில் கயிறு கட்டியவர்கள் பேனா பிடிக்கிற இலிகிதர்கள். முடிச்சு அவிழ்ந்து கயிறு தண்ணீரில் விழுந்தது. மழை ஊற்ற, வள்ளம் பக்கவாட்டில் நடு ஏரிக்குப் போனது. கம்பி விறைத்துச் சட்டென்று இழுத்து நிறுத்தியதில் விளிம்பு சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது.

கம்பியைப் பிடித்து இழுக்கச் சொல்லிச் சிங்களத்தில் கத்திக்கொண்டு கரையில் படகோட்டி பாய்ந்தான். ஜெயரத்தினம் குறுக்கே விழுந்து தடுத்தது மூக்கனுக்கு மழையிலும் தெரிந்தது. அது ஒலிக்கு ஒதுக்கிய கம்பி, ஆள் இழுக்கிற கம்பி அல்ல, அறுந்தால் ஒலிபரப்பு நின்றுவிடும் என்று அவர் கூவினாராம். இதுவரை சபையின் ஒலிபரப்பு ஒருநாளும் நின்றதில்லை.

குணரத்தினம் கண்ணைத் திறந்தார். சுற்றிலும் தண்ணீர். ஒலிவாங்கியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தார். “கரைக்குக் கொண்டுபோ! வலி! துடுப்பை வலி!”

வலித்தால் கரை சேர்த்துவிடலாம். மூக்கனின் கைக்கு அந்தப் பலம் இருந்தது. அவர் துடுப்பைத் தூக்கித் தன் மடிமேல் வைத்துக்கொண்டார். தான் செய்வது பாவம் என்று அவருக்குத் தெரியும். வள்ளம் கவிழ்ந்தால் இரண்டு உயிர். சொல்லவைக்காமல் வலித்துப் போய்விட்டால் மருமகனின் உயிர், அதுவும் மீனம்மாவின் உயிரோடு ஒட்டியது. அவர் குணரத்தினத்தின் காதில் வாயை வைத்தார்.

“கல்லுமலச் செல்லசாமி, கப்பலுக்குப் போகாத. இதச் சொல்லுங்க. வலிக்கிறேன்.”

“உனக்கென்ன விசரோ!”

ஒரு அலை வந்து இருவரையும் நனைத்தது. அது சபை தந்த அலை அல்ல.

“சொல்லுங்கய்யா.”

“செல்லசாமி!” என்று அலறினார் சமுத்திரச் செம்மல். தீவு முழுவதும் அந்த அலறல் போனது. “கல்லுமலைச் செல்லசாமி! போகாதையடா! கப்பலுக்குப் போகாதையடா, ராசா! செல்லசாமி, நான் கப்பலைப் படத்திலைதான்ரா பாத்தனான்! தலைமன்னாரிலை கடலைக் கண்டிட்டு வயித்தைப் பிரட்டிச் சத்தி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தவனடா நான்! எல்லாம் பொய்யடா! என்ரை அம்மா! செல்லசாமி!”

மூக்கன் துடுப்பைத் தண்ணீரில் போட்டார். வாழ்நாளில் அப்படி அவர் வலித்ததில்லை.

கரையில் புனிதவதி கண்ணீரோடு நின்றார். “இப்பிடி ஒரு நடிப்பை நான் கேட்டதே இல்லை” என்றார். ஜெயரத்தினம் ஒலிவாங்கியை வாங்கி, இதுவரை நேயர்கள் கேட்டது சபையின் புதிய நாடக முயற்சி என்று அறிவித்தார். குணரத்தினம் புல்லில் குப்புறக் கிடந்தார். அவர் கழுத்துக்கு மாலை போக வழியில்லாததால் முதுகில் வைத்தார்கள். மூக்கனுக்குக் கடுமையான எச்சரிக்கை கிடைத்தது. நாடகத்தின் முக்கியமான கட்டத்தில் அலை திடீரென்று நின்றுபோனதாம்.

“நடுக்கடலிலை அலை நிக்குமோ? உமக்குக் கடலைப்பற்றி ஒரு மண்ணும் தெரியாது” என்றார் புனிதவதி.

அன்றிரவு மழையில் திரும்ப வண்டி கிடைக்கவில்லை. மறுநாள் நானுஓயாவில் ரயிலேறியவருக்கு வட்டவளை வரும்வரை உட்காரவே முடியவில்லை. நாடகம் என்று சொல்லிவிட்டார்களே, பாவிகள்! செய்த பாவமும் வீண், சொல்ல வைத்ததும் வீண் என்று மனது அரித்தது. எதிரே கொழும்பிலிருந்து வரும் ரயில் போனபோது, மருமகன் போய் இறங்கியிருப்பானே என்று கண் கலங்கியது. நிலையத்திலிருந்து தோட்டத்துக்கு மூச்சிரைக்க ஏறினார்.

லயத்து வாசலில் கூட்டம். யாரோ விலகியதும், கூட்டத்தின் நடுவில் வெள்ளை வேட்டி கட்டிச் செல்லசாமி உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

“மாமா!” என்று துள்ளி எழுந்தான். “எம் பேரச் சொன்னாருங்க! தோட்டத்துப் பேரோட! ஒரு தடவ இல்ல, நாலஞ்சு தடவ! வட்டவளக் கடவீதியிலயெல்லாம் கேட்டிருக்காங்க. அவ்வளவு பெரிய மனுசன் அழுது கேட்டப்புறம் எப்புடிங்க போறது? பொட்டியப் பிரிச்சிட்டேன்.”

“கப்பலையே பாத்ததில்லன்னு சொன்னாரே, அது?”

“அது நடிப்பு மாமா. கடைசில சொன்னாங்கல்ல?”

மூக்கன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். மீனம்மா ஒரு கோப்பைத் தேத்தண்ணியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். அழுது வீங்கிய முகத்தில் சிரிப்பு இருந்தது. உலகத்தில் இனி எவன் என்ன பொய் சொன்னாலும் தனக்குக் கவலையில்லை என்று அந்த நேரம் மூக்கன் நினைத்தார். ஆனால் மனிதன் நினைப்பதையெல்லாம் சபை அப்படியே விட்டுவிடுமா?

அடுத்த புதன்கிழமை கிளப்பில் நிற்க இடமில்லை. மீனம்மாவும் வந்திருந்தாள். செல்லசாமிக்குக் கிளாக்கரே நாற்காலி போட்டார். அலை அடித்தது. குரல் வந்தது.

“அன்பு நேயர்களே! சென்ற வாரம் நடுக்கடலில் எழுந்த பெரும்புயலை நீங்கள் கேட்டீர்கள். அதை நாடகம் என்றார்கள், நேயர்கள் அஞ்சக்கூடாது என்பதற்காக. புயல் உண்மை! ஓடத்தில் என்னோடு ஒரு கிழவன் இருந்தான். துடுப்பைப் போட்டுவிட்டு என் காலைக் கட்டிக்கொண்டு கதறினான். அவனைத் தேற்றி, நானே ஓடத்தைச் செலுத்திக் கரை சேர்த்தேன். அந்த நேரத்திலும் என் நெஞ்சில் நின்றவன் யார் தெரியுமா? கல்லுமலைச் செல்லசாமி! அவன் அனுப்பிய தபாலட்டைகள் என் மேசைமேல் இருக்கின்றன. தம்பி, முதலில் வீட்டைப் பார். கடல் எங்கே போய்விடும்?”

கிளப்பே கை தட்டியது. செல்லசாமிக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆண்டியப்பன் மட்டும் கை தட்டாமல் மூக்கனையே பார்த்தார். நடந்த கதை முழுவதும் அவருக்கு மட்டும் தெரியும்; மற்றவர்களுக்கு, மூக்கன் வள்ளத்தில் அலையடிக்கப் போனவர் என்பது மட்டுந்தான்.

“இவன வுடாத மூக்கா” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. “எந்திரிச்சி நடந்ததச் சொல்லு.”

செல்லசாமியும் திரும்பினான். அவன் முகத்தில் முதல்தடவையாக ஒரு சந்தேகம் ஓடியது. “மாமா, அந்த வள்ளத்துல இருந்தது நீங்கதானே? நெசமாவே நீங்களா அழுதீங்க? அவரா ஓட்டுனாரு?”

கிளப் முழுவதும் மூக்கன் பக்கம் திரும்பியது. பேசு, இப்போது நீ அலை இல்லை என்று யாரோ உள்ளே சொல்வது போல மூக்கனுக்கு இருந்தது. உண்மையைச் சொல்லலாம். சொன்னால், அந்தப் பெயர் மேசையிலிருந்து வரவில்லை, மாமனார் துடுப்பை மடியில் வைத்துப் பிடுங்கியது என்று தெரிந்துபோகும். லயம் மறுபடி ‘ரேடியோ மாப்பிள்ளை’ என்று சிரிக்கும். கொழும்புத் தரகன் அடுத்த மாதமும் இருப்பான். கப்பலும் இருக்கும். மீனம்மா அப்பாவைப் பார்த்துக்கொண்டு, வயிற்றின்மேல் கையை வைத்தபடி நின்றாள்.

“ஆமா மாப்ள” என்றார் மூக்கன். “நாந்தான் அழுதேன். அவரு இல்லன்னா நான் கரையேறியிருக்க மாட்டேன். பெரிய கடலோடிப்பா அவரு.”

ஆண்டியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். முப்பது வருஷத்துச் சிநேகிதம் கதவைத் தாண்டிப் போவதை மூக்கன் பார்த்துக்கொண்டிருந்தார். ரேடியோவில் கப்டன் கோப்பி ஊற்றத் தொடங்கியிருந்தார். பின்னால் அலை அடித்தது. ஏரியில் தான் அடித்த அலைதான் அது என்று மூக்கனுக்குத் தெரிந்தது. சபை அதை இசைத்தட்டில் பிடித்துவைத்துக்கொண்டது போலும்.

பழக்கத்தில் கிளாக்கர் குமிழில் கையை வைத்துத் திரும்பினார். “என்ன மூக்கன், சத்தத்தைக் குறைக்கட்டோ?”

“வேணாங்கய்யா” என்றார் மூக்கன். “மாப்ளைக்கு நல்லாக் கேக்கட்டும். இன்னுங்கொஞ்சம் கூட்டி வையுங்க.”